நீலச் சோளம் கொதித்த மத்தியானம்

ஒரு குண்டான் மக்காச்சோளத்துக்குப் பயந்து ஒரு தெருவே ஓடியது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஓடியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் நம்பித்தான் ஆகவேண்டும் என்பேன். அப்பா மட்டும் இன்றுவரை அதை ஓட்டம் என்று ஒப்புக்கொள்வதில்லை. 'முன்னெச்சரிக்கை' என்பார். நான் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் தொடங்குவேன். முடித்ததும் எழுந்துபோய், யார் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவேன். குக்கர் நினைத்த நேரத்தில் விசில் அடிக்காவிட்டால் என் கை தானாகவே அடுப்பை அணைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் அரைவேக்காட்டுச் சோறு அடிக்கடி உண்டு. பிள்ளைகள் என்னை வைத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்போது நாங்கள் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவில் கைப்பேசி வைத்திருந்தவர் எதிர்வீட்டு மாமா ஒருவர்தான். சிக்னலுக்காக அவர் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று பேசுவார். அவர் வீட்டுச் சமாச்சாரமெல்லாம் இதனால் எங்களுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். அவருக்குப் புருவம் கிடையாது. சிலருக்கு மீசை வளராததைப்போல இவருக்குப் புருவம் வளரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வரிசையாகக் கட்டியிருக்கும் சின்னச் சின்ன ரூம்களில் மருந்து கலப்பவர்களும் அடைப்பவர்களும் சரியாக நடந்துகொள்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. பட்டாசுக்குள் போகும் கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். எதிர்வீட்டு மாமா உட்பட, தெருவில் பாதிப் பேர் அவர் பார்வையில் வேலை செய்கிறவர்கள். வெயில் ஏறுமுன் மருந்து வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் விடியுமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். வந்ததும் பின்வாசல் வழியாகப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். கம்பெனிச் சட்டம் வீட்டுக்குள்ளும் அமலில் இருந்தது. இரும்புப் பாத்திரத்தை யாரும் தரையில் இழுக்கக் கூடாது. எதையும் ஓங்கிப் போடக் கூடாது. தம்பி தொட்டிலில் இருந்து கிலுகிலுப்பையை வீசினால்கூட அப்பாவின் தோள் ஒருமுறை குலுங்கி அடங்கும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நர்ஸ் படிப்பு முடித்து முதலில் சவூதிக்குப் போய், அப்புறம் அமெரிக்காவில் பாலைவனத்தை ஒட்டிய ஏதோ ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள். நல்ல உயரம், அதற்குத் தக்க உடம்பு. எல்லோரிடமும் நோயாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். அந்த மே மாதம் விடுமுறையில் வந்தவள், ஒரே ஒரு வேலையாக வந்திருந்தாள். அப்பாவைப் பட்டாசுக் கம்பெனியில் இருந்து வெளியே கொண்டுவர வேண்டும். விருதுநகர் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி விலைக்கு வந்திருந்தது. வாங்கித் தருவது அவள் பொறுப்பு. அப்பா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு இருவரும் தொடங்கிவிடுவார்கள்.

"என்னைக்கு என்ன போன் வருமோன்னு நெனச்சு நெனச்சு அங்கன நான் தூங்குறதே இல்லண்ணே."

"நீ நைட் டூட்டி பாக்குற. எப்படித் தூக்கம் வரும்?"

"வெளாட்டுக்குப் பேசாத. உனக்குப் பயமாவே இல்லையா?"

"எனக்கென்ன பயம்? பயந்தவன் போய் பன்னு வித்துப் பொழச்சுக்கிடட்டும்."

அத்தோடு அப்பா எழுந்து விடுவார். அம்மா இரண்டு பக்கமும் பேசமாட்டாள். நான் அத்தையின் கட்சி. கொள்கை காரணமாக அல்ல. விருதுநகர் பேக்கரி ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிரீம் பன் அடுக்கியிருந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பெட்டியின் உள்பக்கத்தில் நிற்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கப்போகிறது, அதை அப்பா ஒருவரே கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கிய விவரம்.

ஒருநாள் அத்தை என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பெட்டியின் அடியில் இருந்து ஒரு துணிப்பையை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். கை நிறைய அள்ளினேன். மக்காச்சோளம்தான். ஆனால் ஒவ்வொரு மணியும் பேனா மையில் ஊறப்போட்டு எடுத்ததுபோலக் கருநீலம். அமெரிக்காவுக்குப் போன முதல் வருடம் ஊர் நினைவில் ராத்திரி எல்லாம் அழுதுகொண்டிருந்தாளாம். கூட வேலைபார்த்த ஒரு நர்ஸின் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய், இந்தச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து, ரொட்டியாகத் தட்டிக் கல்லில் இருந்து சுடச்சுட எடுத்துக் கையில் கொடுத்தாளாம்.

"அதுக்குப் பேரு டார்ட்டியா. அதைத் தின்ன அன்னைக்குத்தான் நான் அழாமத் தூங்குனேன் பாப்பா. உங்கப்பாவும் தின்னு மனசு குளுந்து உக்காந்திருப்பான்ல, அந்நேரம் கேட்டுப்புடுவேன். மாட்டேன்னு சொல்ல வாய் வராது."

அதுவரை அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது. இதற்குச் சத்தியம் வேண்டும் என்று பைபிளை எடுத்தாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த அம்மா, பைபிள் மேலெல்லாம் சத்தியம் வேண்டாம் என்று அதட்டினாள். கடைசியில் கோயில் பாட்டுப் புத்தகத்தின் மேல் கைவைத்து, யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலை சுண்ணாம்பில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அங்கே அது பொடியாகப் பொட்டலத்தில் கிடைக்குமாம். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை. "ஈஸ்டருக்கு வெள்ளையடிச்ச கல்லு டப்பாவுல மிச்சம் கெடக்கு, ஆகுமா?" என்று அம்மா கேட்டாள். "எல்லாம் சுண்ணாம்புதானே மதினி" என்றாள் அத்தை. உயிர் காக்கும் படிப்புப் படித்தவள் சொன்னதால் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அத்தை பின்வாசல் நிழலில் பெரிய அலுமினியக் குண்டானை வைத்து, சோளத்தில் பாதியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இன்னும் தண்ணீர் படாத, நீறாத சுண்ணாம்புக் கற்களை உள்ளே இறக்கித் தட்டால் மூடினாள். கல் மெதுவாகக் கரையும், அப்புறம் அடுப்பில் ஏற்றலாம் என்பது அவள் கணக்கு. "பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மல்லித்தழையும் வெங்காயமும் வாங்கக் கடைக்குப் போனாள்.

நான் பார்த்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் குண்டானுக்குள் உஸ் என்றது. அப்புறம் கடமுட என்றது. தட்டு தந்தியடிக்க ஆரம்பித்தது. விளிம்பு வழியாக நீலமும் பச்சையுமாக நுரை வழிந்து, ஆவி பறந்தது. கீழே குனிந்து பார்த்தேன். நெருப்பே இல்லை. அப்படி ஓர் அழகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதுதான் அப்பா பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அப்பா, இங்கன வந்து பாருங்க! அடுப்பில்லாமக் கொதிக்குது!"

அப்பா நின்ற இடத்தில் நின்றார். வேறு எந்த ஊர்த் தகப்பனாக இருந்தாலும் அம்மா ஏதோ சமைக்கிறாள் என்று நினைத்திருப்பார். அப்பாவுக்குத் தெரிந்த நீலம் ஒன்றுதான். ராத்திரி வானத்தில் வெடித்து நீலப் பூவாக விரிகிற பேன்சி ரகத்துக்குள் அடைக்கிற மருந்து. அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது நெருப்பே இல்லாமல் சூடேறும், புகையும், உஸ் என்னும், அப்புறம் யோசிக்க நேரம் தராது. இதைத்தான் தினமும் ரூம் ரூமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது தன் வீட்டுப் பின்வாசலில், மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள என்ன தாயி இருக்கு?" என்று மிக மெதுவாகக் கேட்டார்.

நான் சத்தியத்தை நினைத்துப் பார்த்தேன்.

"சொல்லக் கூடாதுப்பா."

அதைவிட மோசமான பதில் உலகத்தில் இருந்திருக்க முடியாது. வீட்டில் ரகசியமாக மருந்து வைத்து வேலை பார்க்கிறவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கம் எப்போதும் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் இப்படித்தான் பதில் சொல்லும் என்று அப்பாவுக்குத் தெரியும். என்னை அப்படியே அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்து, "வெளிய!" என்றார். ஒரே ஒரு சொல். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள், தொட்டிலில் இருந்து தம்பியை எடுத்தாள், எங்களுக்கு முன்னால் தெருவில் இருந்தாள். அப்பா தெருவில் நின்று அதே சொல்லை இன்னும் இரண்டு முறை சொன்னார்.

அதற்கு மேல் தேவைப்படவில்லை. எதிர்வீட்டு மாமா சாப்பிட்ட கையோடு வந்தார். தையற்கார அக்கா கழுத்தில் டேப்போடு வந்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தைத்த சுடிதாரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே வந்தாள். ஒருவர் முகத்தில் பாதி மட்டும் சோப்பு நுரை இருந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எல்லோரும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே ஓடினார்கள். யாராவது குச்சி வைத்துக் காட்டினாற்போல அப்படி ஓர் ஒழுங்கு. எங்கள் தெருக்காரர்கள் ஓட்டப்பந்தயத்துக்குப் போனால் கோப்பை நமக்குத்தான் என்று அப்பாவின் இடுப்பில் தொங்கியபடியே பெருமைப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

சர்ச் காம்பவுண்டுக்குள் போய் நின்றதும் வீடு வீடாகத் தலை எண்ணினார்கள். கம்பெனியில் ரூம் ரூமாக எண்ணுகிற அதே பழக்கம். எண்ணி முடித்த பிறகுதான் அம்மா கேட்டாள்.

"எங்கனங்க?"

"நம்ம வீட்டுலதான். பின்வாசல்ல. குண்டான் நெறைய நீல மருந்து. தானாக் கொதிக்குது."

அம்மாவின் முகம் பயத்தில் இருந்து வேறொன்றாக மாறியது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்வீட்டு மாமா, "போர்மேன், உங்க தங்கச்சி எங்கன?" என்றார்.

தெருவின் மறுகோடியில் குடை பிடித்துக்கொண்டு அத்தை வந்துகொண்டிருந்தாள். காலியான தெருவைப் பார்த்தாள். திறந்துகிடந்த கதவுகளைப் பார்த்தாள். இந்த ஊர் ஜனங்கள் எப்போதும் இப்படித்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனாள்.

"என்னங்க, அது சோ..." என்று அம்மா தொடங்கினாள். அப்பா அங்கே இல்லை. வந்த வழியே திரும்ப ஓடிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி நேராக வீட்டுக்குள். அம்மா சொல்ல வந்ததை முடிக்காமல் தம்பியை என் கையில் திணித்தாள். அவர் பின்னால் ஓடப்போனவளைத் தையற்கார அக்கா பிடித்து நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் அத்தையின் கால்கள் முதலில் தெரிந்தன. அப்பா அவளைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா ஒல்லி. அத்தை ஒல்லி இல்லை. ஒரு சின்ன லாரி ஓவர் லோடோடு மேடு ஏறுவதுபோலத் தள்ளாடித் தள்ளாடி வந்தார். அத்தை மடக்கிய குடையால் அவர் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"விடுண்ணே! கிறுக்குப் புடிச்சிருச்சா? ஏண்ணே, எறக்கி விடு! எஞ்சோளம்! ஐயோ எஞ்சோளம்!"

காம்பவுண்டு வாசலுக்கு வந்ததும் அப்பாவின் முழங்கால் மடங்கியது. இருவரும் மணலில் விழுந்தார்கள். மல்லித்தழை அப்பாவின் தலையில் கிடந்தது.

"சோளமா?" என்றார் எதிர்வீட்டு மாமா.

"மக்காச்சோளம். ரொட்டி சுடப் போட்டிருக்கேன்."

"சோளம் எதுக்குத்தா நீலமா இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும்."

"சரி, எதுக்குக் கொதிக்குது?"

"சுண்ணாம்பு போட்டிருக்கேன்."

"ரொட்டிக்கா, ரொட்டி சுடுற வீட்டுக்கா?"

முதலில் தையற்கார அக்காதான் சிரித்தாள். அப்புறம் ஒற்றைக் கை சுடிதார், அப்புறம் பாதிச் சோப்பு முகம், அப்புறம் எல்லோரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். அப்பா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "வெள்ளையாக் கொதிச்சா சுண்ணாம்புன்னு எனக்குத் தெரியாதா? நீலமால்ல கொதிச்சுது!" என்றார். அப்புறம் இரண்டு வாளி மணலை எடுத்துக்கொண்டு போனார். சோளம்தான் என்று தெரிந்த பிறகும், குண்டானை நோக்கிப் பக்கவாட்டில் நடந்துபோய், கடல் தாண்டி வந்த அந்தச் சோளத்தின் தலையில் இரண்டு வாளி மணலையும் கொட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனார்.

மிச்சமிருந்த பாதிச் சோளம் தெருவின் பொதுச் சொத்தாகிவிட்டது. எதிர்வீட்டு மாமா வெற்றிலைக் கடையில் இருந்து நல்ல சுண்ணாம்பு வாங்கி வந்தார். அம்மா மண்பானை எடுத்தாள். மறுநாள் தட்டுகிற நேரத்தில் தெருவே வந்துவிட்டது. அப்பா தன் மானத்தை மீட்கிற வழியாக, மேற்பார்வையைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று சமையலறை வாசலில் நின்று ஆள் ஆளாக உள்ளே விட்டார். இரும்புக் கரண்டியைப் பிடுங்கி மரக்கரண்டி கொடுத்தார். அத்தை இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவே மாவு உருண்டையை வைத்துப் பலகையால் அமுக்கித் தோசைக்கல்லில் போட்டாள். மழைக்கு முந்தின மேகத்தின் நிறத்தில் ரொட்டிகள் வந்தன.

முதல் ரொட்டி அப்பாவுக்கு. வாயில் வைக்குமுன் முகர்ந்து பார்த்தார். புளிக்குழம்பில் தொட்டதும் அதன் ஓரம் சிவப்பாக மாறியது. அப்பா தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். மறுபடியும் ஒரு சுற்றுச் சிரிப்பு. புளிப்புப் பட்டால் அது அப்படித்தான் மாறும் என்று அத்தை சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு போர்மேன்?" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

"தாகமா இருக்கு" என்றார்.

தெருவின் தீர்ப்பும் அதுதான். எண்ணெயில் முங்கிப் பொரிந்த பரோட்டாவைத் தின்று வளர்ந்த நாக்குகள். "இதுல எண்ணெ எங்கன?" என்று தேடினார்கள். கடைசியில் யாரோ வடைச்சட்டியை ஏற்றி, அமெரிக்கா ரொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் இறக்கினார்கள். அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பிறகு எல்லோரையும்விட அதிகமாகத் தின்றவள் அவள்தான்.

நான் மட்டும் சிரிக்காமல் காத்திருந்தேன். அப்பாவின் கையில் நான்காவதோ ஐந்தாவதோ ரொட்டி இருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது கண்ணாலேயே தெரிந்தது. தவிர, எனக்குப் பயமில்லை என்று தினமும் சொன்ன மனிதர் முந்தின நாள் தெருவையே காலி பண்ணியிருந்தார். இனி எந்த வாயால் மாட்டேன் என்பார்? அத்தை ஜெயித்துவிட்டாள். கேட்க வேண்டியதுதான். அவள் கேட்கவில்லை. முழங்கையால் இடித்தேன். கேட்கவில்லை. "கேளுங்கத்தை" என்று காதில் சொன்னேன். "சும்மா இரு பாப்பா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கிரீம் பன் கைவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானே கேட்டுவிட்டேன்.

"அப்பா, நாம பேக்கரி வைப்போமா?"

தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அப்பா அத்தையைப் பார்த்தார். வாசலில் நின்ற தையற்கார அக்கா, "எங்கம்மா வேல பாக்குற ரூமுக்கு அப்புறம் யாரு போர்மேன்?" என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அத்தை எழுந்துபோய் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் வாசலில் நாற்காலி போட்டு இருவரும் மழை, வெயில், தம்பிக்குப் பல் முளைத்தது என்று என்னென்னவோ பேசினார்கள். பேக்கரி என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. அவ்வளவு தூரம் ஜெயித்த பிறகு அவளுக்கு அது மறந்துபோயிற்று என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் புறப்பட்ட அன்று சாத்தூருக்குப் போய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அப்பா பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். டிரைவர் ஏறிய பிறகு அத்தை கம்பி வழியாக அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, இனிமே ஒன்னுன்னா வெளிய ஓடு. உள்ள ஓடாத."

அப்பா சிரித்தார், அவ்வளவுதான். பஸ் நகர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. அவ்வளவு படித்து, அவ்வளவு தூரம் போனவளுக்கு இதுகூடவா தெரியாது? எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும், வெளியேதான் ஓட வேண்டும் என்று. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வரும்போது அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"உள்ள யாராச்சும் ஓடுவாகளாப்பா?"

"யாரும் ஓட மாட்டாக தாயி" என்றார்.

நானும் அதை நம்பினேன். அதற்குச் சில நாள் முன்புதான், நான் கண்ணால் பார்க்க, நடுத்தெரு வழியாக அப்படி உள்ளே ஓடியவர் அவர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.